நாஞ்சில் நாட்டு நிகழ்த்துகலைகளில் பார்வையாளர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களை உள்ளடக்கிய நிலப்பகுதி நாஞ்சில் நாடு எனப்படுகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் இருந்த இப்பகுதியில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தோல்பாவைக் கூத்து ஆகிய கலைகள் தொடர்ந்து நிகழ்ந்து வருகின்றன. இம்மூன்றும் கூட்டத்தின் முன் நிகழ்பவை. கலைஞர்கள் நேரடி அவையை விரும்புவது ஏன் என்ற கேள்வியைப் பொதுவாகக் கேட்டால், கைதட்டல், புகழ், பணம் என்ற பதில்களே வரும். நாஞ்சில் நாட்டுக் கலைகளை அருகிருந்து பார்த்தால் வேறு சில பதில்களும் கிடைக்கின்றன. இக்கலைகளில் பார்வையாளர் நிகழ்ச்சியின் ஒரு பகுதி. அவர் எழுந்து போனால் பாட்டின் நீளமும் வேகமும் பொருளும் மாறிவிடும்.

கொடை என்னும் களம்

வில்லுப்பாட்டின் இயல்பான களம் நாட்டார் தெய்வக் கோயில்களின் கொடை விழா. முத்தாரம்மன், சுடலைமாடன், இசக்கியம்மன், சாஸ்தா முதலிய தெய்வங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறையோ ஊரார் வரி பிரித்துக் கொடை எடுக்கின்றனர். பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் கொடைகள் மிகுதி. பல கோயில்களில் செவ்வாய்க்கிழமையை நடுநாளாக வைத்து மூன்று நாட்கள் விழா நடக்கும். முதல் நாள் இரவு குடியழைப்பு. அடுத்த நாள் உச்சிக்கொடை, நள்ளிரவுப் பூசை. இந்தப் பூசைகளுக்கு இடைப்பட்ட நேரம் முழுவதையும் வில்லுப்பாட்டு நிரப்புகிறது.

குழுவில் ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருப்பர். தரையில் வைத்த வில்லின் நாணை வீசுகோல்களால் அடித்தபடி புலவர் கதை பாடுவார். வில்லின் முதுகு குடத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். குடம் அடிப்பவர், உடுக்கை, தாளம், கட்டை வாசிப்பவர்கள் சுற்றி அமர்வர். பாட்டைத் தொடங்கும் பக்கம் வலத்தே என்றும், அதை வாங்கித் திருப்பிப் பாடும் பக்கம் இடத்தே என்றும் சொல்லப்படும். புலவர் ஒரு வரியை வசனமாகச் சொல்லும்போது இடத்தே இருப்பவர் ‘ஆமா’ என்பார், வியப்பார், சில நேரம் குறுக்குக் கேள்வியும் கேட்பார். எதிரே இருக்கும் கூட்டம் செய்யவேண்டியதை அவர் முதலில் செய்து காட்டுகிறார் எனலாம். கேட்பவன் ஒருவன் இல்லாமல் கதை சொல்ல முடியாது என்பதால், குழுவுக்குள்ளேயே ஒரு கேட்பவனை உட்கார வைத்திருக்கிறது இந்தக் கலை.

மேடை என்பதும் பெரிய அமைப்பல்ல. கோயிலின் முன் தென்னங்கீற்றுப் பந்தல் இருக்கும், தெய்வத்தின் பார்வை படும் திசையில் வில் வைக்கப்படும். புலவருக்கு முன்னால் கருவறை. இரு பக்கமும் மக்கள் அமர்ந்திருப்பர். குழந்தைகள் வில்லுக்கு மிக அருகில் வந்து உட்காருவார்கள், பாதி இரவில் அங்கேயே உறங்குவார்கள். ஆக, புலவருக்கு இரண்டு அவைகள். தெய்வம் ஒன்று, ஊர் ஒன்று. இவற்றில் எது முதன்மை என்பது நேரத்தைப் பொறுத்து மாறும்.

அவையடக்கம்

வில்லுப்பாட்டு நிகழ்ச்சியின் அமைப்பை ஆய்வாளர்கள் காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழிபாடுதல் என்று பகுப்பர். கதை தொடங்கும் முன்பே அவையை நோக்கி ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தன் பாட்டில் பிழையிருந்தால் பொறுக்கவேண்டும் என்று புலவர் கேட்டுக்கொள்கிறார். தமிழ்க் காப்பியங்களில் நெடுங்காலமாக உள்ள மரபு இது. ஏட்டில் எழுதும் புலவனுக்கு அது ஒரு சம்பிரதாயம். கோயில் முற்றத்தில் அமர்ந்திருக்கும் புலவருக்கோ அது உண்மையான வேண்டுகோள். பிழையைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் பத்தடி தூரத்தில் இருக்கிறார்கள்.

அரங்கும் அவையும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணம் தமிழில் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டது என்று அளவு தருகிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்குகள் வைக்கப்பட்டதையும் சொல்கிறது. பார்ப்பவனின் கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

கதை தெரிந்த கூட்டம்

கொடையில் அமர்ந்திருப்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும். முத்துப்பட்டன் கதை, நீலி கதை, தோட்டுக்காரி அம்மன் கதை, வெங்கலராசன் கதை, இரவிக்குட்டிப்பிள்ளை போர் முதலிய கதைகளைச் சிறு வயது முதல் பலமுறை கேட்டவர்கள் அவர்கள். முடிவு என்ன ஆகும் என்ற ஆவல் அங்கு இல்லை. முத்துப்பட்டன் இறப்பான், நீலி பழிவாங்குவாள். இந்தப் புலவர் அந்த இடத்தை எப்படிச் சொல்லப்போகிறார் என்பதே எதிர்பார்ப்பு.

இத்தகைய கூட்டம் கலைஞனுக்குத் தரும் இன்பம் தனியானது. புதிய கதையைச் சொல்பவன் செய்திகளை விளக்குவதிலேயே நேரத்தைச் செலவிட வேண்டும். தெரிந்த கதையைத் தெரிந்த கூட்டத்துக்குச் சொல்பவன் விளக்கங்களைத் தாண்டி நுட்பங்களுக்குச் செல்லலாம். ஒரு தாயின் புலம்பலைப் பத்து நிமிடம் நீட்டலாம். ஒரு போர்க்களத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். எங்கே நீட்டினார், எங்கே சுருக்கினார் என்பதை அந்தக் கூட்டம் கவனிக்கும். வழக்கத்தில் உள்ள ஒரு நிகழ்ச்சியை அவர் விட்டுவிட்டால் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்திலிருந்தே கேட்டுவிடுவார். கர்நாடக இசையில் ராகம் அறிந்த முன்வரிசைக்காரர்கள் செய்யும் வேலையை இங்கே கோயில் திண்ணையில் சாய்ந்திருக்கும் கிழவர் செய்கிறார்.

வில்லுப்பாட்டுக் கதைகளில் ஒரு பெரும் பகுதி அகால மரணமடைந்தவர்களின் கதைகள். கொலையுண்டவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் தெய்வமானவர்கள். அவர்களில் சிலருக்கு அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ வழித்தோன்றல்கள் என்று கருதப்படும் குடும்பங்கள் இருக்கும். அந்தக் குடும்பத்துப் பெண்கள் முன்னால் அமர்ந்திருக்க, அவர்களின் மூதாதை வெட்டுப்படுவதைப் பாடவேண்டும். அழுகைக்காகப் புலவர் தனியே முயலத் தேவையில்லை, அவருடைய கவனமெல்லாம் அது எல்லை கடந்துவிடாமல் காப்பதில்தான்.

அருள் வரும் இடம்

நேரடி அவைக்கு வில்லுப்பாட்டில் உள்ள முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் சாமியாட்டம். கதையில் தெய்வம் பிறக்கும் இடத்திலோ, இறந்து தெய்வமாகும் இடத்திலோ, வரம் பெறும் இடத்திலோ கோமரத்தாடிக்கு அருள் வரும். அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்திருந்தவர் அவர். பாட்டின் வேகம் கூடும், குடத்தின் அடி இறுகும், உடுக்கை விரையும். பெண்கள் குரவையிடுவர். பார்வையாளராக இருந்தவர் தெய்வமாக எழுகிறார். பாடியவர் அவருக்குப் பின்னணி இசைக்கும் நிலைக்கு மாறுகிறார்.

இந்த மாற்றத்தை நிகழவைக்கப் புலவர் பாடலை மட்டும் அறிந்திருந்தால் போதாது. கோமரத்தாடியின் முகத்தையும் தோளையும் அவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உடலில் நடுக்கம் தெரியும்போது கதையை அந்த இடத்துக்கு விரைந்து கொண்டுவர வேண்டும். பூசைக்கான பொருட்கள் தயாராகவில்லை என்று ஊர் முதலடி சைகை காட்டினால் நாட்டுவளத்தையோ பெண்ணின் அலங்காரத்தையோ சேர்த்து அரைமணி நேரம் தாமதப்படுத்த வேண்டும். ஏட்டிலுள்ள கதைப்பாடலை அப்படியே ஒப்பிப்பவரால் இது முடியாது.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் வில்லுப்பாட்டைக் களஆய்வு செய்து 1988-ல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்ற பிரிவையும், அவை கொடையின் எந்த நேரத்தில் பாடப்படுகின்றன என்பதையும் அவர் இணைத்துப் பார்த்தார். கதையை நிகழும் சூழலிலிருந்து பிரித்து அச்சில் படித்தால் அதன் பாதிப் பொருள் போய்விடுகிறது என்பது அவருடைய ஆய்வின் அடிப்படை. நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கதைகள் பலவற்றைச் சேகரித்துப் பதிப்பித்தும், கலைஞர்களின் வாழ்க்கையை எழுதியும் உள்ளார்.

கணியான் கூத்தில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. சுடலைமாடன் கோயில்களில் கணியான் சமூகத்தினர் நிகழ்த்தும் இக்கூத்தில் அண்ணாவி நின்றுகொண்டு பாடுவார். உச்சம், மந்தம் என்ற இரு மகுடங்கள் முழங்கும். பெண் வேடமிட்ட இரு ஆண்கள் ஆடுவர். மகுடத்தின் தோலை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான். மேடை, திரை, ஒப்பனை அறை எதுவும் கிடையாது. ஆடுபவரின் காலடி மண் பார்ப்பவர் மீது தெறிக்கும் தூரத்தில் எல்லாம் நடக்கிறது.

திரைக்குப் பின்னால் இருப்பவர்

தோல்பாவைக் கூத்து இதற்கு நேர்மாறான நிலை கொண்டது. மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட கணிகர் சமூகத்தின் மண்டிகர் பிரிவினர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை நிகழ்த்துகின்றனர். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கின் அருகே ஒருவர் அமர்ந்து எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுப்பார். இராவணனும் சீதையும் அனுமனும் ஒரே தொண்டையிலிருந்து வருவார்கள். குடும்பத்தினர் மிருதங்கம், ஆர்மோனியம் வாசிப்பர். இராமாயணத்தைப் பத்து நாட்கள் தொடர்ந்து நடத்துவது மரபு.

பாவையாட்டிக்குக் கூட்டம் தெரியாது. திரையின் மறுபுறம் ஐம்பது பேர் இருக்கிறார்களா, ஐந்து பேரா என்பதை அவர் காதால்தான் அறியவேண்டும். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சிறுவர்கள் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், இருமல் அதிகமாகிறதா, பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்களா, யாராவது எழுந்து வேட்டியைத் தட்டுகிறார்களா என்பவை அவருக்கான குறிப்புகள். கூட்டம் தளர்வதாகப்பட்டால் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் திரைக்குக் கொண்டுவருவார். இவ்விருவரும் இராமாயணத்தில் இல்லாத நகைச்சுவைப் பாத்திரங்கள். எந்தக் கதையிலும் நுழையும் உரிமை இவர்களுக்கு உண்டு. அந்த ஊரின் தேநீர்க்கடை, பேருந்து, அண்மைய சண்டை, விலைவாசி எல்லாம் இவர்களின் பேச்சில் வரும். பகலில் ஊருக்குள் சுற்றிச் செய்தி சேகரித்து வைத்திருப்பதும் இதற்காகத்தான். இலங்கைப் போரின் நடுவே உள்ளூர்ப் பெயர் ஒன்று ஒலித்ததும் எழும் சிரிப்பு, திரைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தன் கூட்டம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று உறுதிசெய்கிறது.

மேற்கே பாலக்காட்டுப் பகுதியில் பத்ரகாளி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்து இதனோடு ஒப்பிடத்தக்கது. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காணமுடியாமல் போன பத்ரகாளிக்காகவே அது ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகிறது என்பது ஐதீகம். நிரந்தரக் கூத்துமாடத்தில் பல இரவுகள் தொடர்ந்து கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி விளக்கம் கூறுவார்கள். பெரும்பாலான இரவுகளில் முற்றத்தில் மனிதர் யாரும் இருப்பதில்லை. 1996-ல் வெளியான தன் இன்னொரு நூலில் பிளாக்பர்ன் இதை ஆராய்ந்தார். மனித அவை இல்லாத நிலையில் அக்கலைஞர்கள் ஒருவருக்கொருவர் அவையாகிக்கொள்வதை அவர் காட்டினார். ஒருவர் பாத்திரமாக நின்று கேள்வி எழுப்ப, மற்றவர் விடை சொல்ல, விவாதம் புராணம், இலக்கணம், சோதிடம் என்று விரியும். யாருமற்ற இரவிலும் கேட்பவர் ஒருவர் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். கன்னியாகுமரிப் பாவையாட்டிக்கு அந்த வசதி இல்லை. அவருடைய அன்றைய அரிசி திரைக்கு மறுபுறம் இருக்கிறது.

உடலும் மனமும்

கூட்டத்தின் முன் மனிதர் வேறுவிதமாகச் செயல்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். 1898-ல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர், மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது விரைவாக ஓட்டுவதைக் கவனித்து, சிறுவர்களைத் தூண்டில் உருளையைச் சுற்றவைத்துச் சோதித்தார். 1965-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் இத்தகைய சோதனைகளின் முரண்பட்ட முடிவுகளுக்கு ஒரு விளக்கம் தந்தார். பிறர் அருகில் இருப்பது உடலைக் கிளர்ச்சியடையச் செய்கிறது. கிளர்ச்சியடைந்த உடல், தனக்கு நன்றாகப் பழகிய செயலை மேலும் நன்றாகச் செய்கிறது. பழகாத செயலில் மேலும் தடுமாறுகிறது. 1969-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் கரப்பான்பூச்சிகளை வைத்தே இதைச் சோதித்தனர். வேறு கரப்பான்பூச்சிகள் ‘பார்த்துக்கொண்டிருக்க’ நேர்ப்பாதையில் ஓடியவை விரைவாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் ஓடவேண்டியவை தாமதித்தன.

பூச்சிகளின் சோதனையைப் புலவர்களுக்கு அப்படியே பொருத்துவது மிகையாகும். ஆனால் வில்லுப்பாட்டின் பயிற்சிமுறையைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. புதிதாகச் சேரும் சிறுவனுக்கு உடனே கதை பாடக் கொடுப்பதில்லை. முதலில் தாளம், கட்டை. பிறகு பின்பாட்டு. பல கொடைகளில் அமர்ந்து, கதை முழுவதும் காதில் ஊறியபிறகுதான் வீசுகோல் கைக்கு வரும். அவைமுன் வரும்போது அவனுக்கு எல்லாம் பழகிய செயலாகிவிட்டிருக்கும். அதன்பின் கூட்டம் அவனைத் தூக்கிவிடும். அந்நிலையை எட்டாதவனை அதே கூட்டம் கீழே தள்ளிவிடும்.

கிளர்ச்சியின்போது இதயம் விரைகிறது, மூச்சு கூடுகிறது, களைப்பு தற்காலிகமாகப் பின்வாங்குகிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடும் ஒருவரால், பயிற்சிக்காக வீட்டில் அத்தனை மணி நேரம் பாடமுடியாது. கலைஞர்கள் பலரும் சொல்லும் ‘கூட்டம் இருந்தால் தொண்டை தானாகத் திறக்கும்’ என்ற உணர்வுக்கு உடலியல் அடிப்படை உண்டு.

இதே கிளர்ச்சிதான் மேடை அச்சமாகவும் மாறுகிறது. கனடிய பியானோ கலைஞர் கிளென் கோல்ட் 1964-ல், 31 வயதில், மேடைக் கச்சேரிகளை முற்றிலும் நிறுத்திவிட்டார். அவையின் முன் வாசிப்பதை அவர் வெறுத்தார். ஒலிப்பதிவுக்கூடமே இசைக்கான சரியான இடம் என்று வாதிட்டார். எல்லாக் கலைஞர்களுக்கும் அவை பிடிக்கும் என்பது உண்மையல்ல. கோல்டின் கலையில் ஒவ்வொரு சுரமும் முன்பே எழுதப்பட்டிருந்தது. அவரால் கூட்டத்தை விட்டு விலக முடிந்தது. எதிரே இருப்பவரைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் முடிவுசெய்யும் வில்லுப்பாட்டுப் புலவருக்கு அந்த வழி கிடையாது.

கலைவாணர் கண்ட வேறுபாடு

நாஞ்சில் நாட்டிலிருந்து தமிழ்த் திரைக்குச் சென்றவர்களில் மிகப் புகழ்பெற்றவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 – ஆகஸ்ட் 30, 1957). இளமையில் வில்லுப்பாட்டில் ஈடுபாடு கொண்டிருந்த அவர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்து, பின்னர் திரைப்படத்துக்கு வந்தார். திரையில் உச்சத்தில் இருந்தபோதும் நாடகத்தையும் வில்லுப்பாட்டையும் அவர் விடவில்லை. காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக மேடைகளில் நிகழ்த்தினார்.

நகைச்சுவை நடிகருக்குப் படப்பிடிப்புத்தளம் ஒரு கடினமான இடம். ஒரு வசனத்துக்குச் சிரிப்பு வரும் என்றால், அடுத்த வசனத்துக்கு முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர் ஊகிக்கவேண்டும். குறைவாக நின்றால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். அதிகம் நின்றால் காட்சி சோர்ந்துவிடும். மேடையில் இந்தக் கணக்கைக் கூட்டமே போட்டுத் தருகிறது. சிரிப்பு உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வரியைச் சொன்னால் போதும். வில்லுப்பாட்டில் கேள்வி கேட்கும் பின்பாட்டுக்காரர் இருப்பதால் அந்த இடைவெளியை நிரப்பவும் வழி உண்டு.

கலைவாணரால் சென்னைக்கு அழைத்துவரப்பட்ட திருநெல்வேலிக்காரரான சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டைக் கோயில் முற்றத்திலிருந்து சபா மேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022 அக்டோபரில் மறைந்தார். நகர மேடையில் அவை மாறியது. கதை தெரியாத, நாற்காலியில் அமர்ந்த, இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பவேண்டிய அவை அது. குரவைக்குப் பதில் கைதட்டல் வந்தது. பாட்டில் உரையாடலும் நகைச்சுவையும் கூடின, அருள் வரும் இடங்கள் மறைந்தன. இதைச் சீரழிவு என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அவைக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மதிப்பும் கூலியும்

கொடைக்கு முன்பே ஊரார் புலவருக்கு அச்சாரம் கொடுத்து நாள் உறுதி செய்வர். பேசிய தொகை எவ்வளவானாலும், பாட்டின்போது கூட்டத்திலிருந்து வரும் அன்பளிப்புக்குத் தனி மதிப்பு. ஒருவர் எழுந்துவந்து பணத்தைக் கொடுத்துத் தன் பெயரைச் சொல்லச் சொல்வார், அல்லது புலவரின் தோளில் துண்டு போர்த்துவார். பாட்டின் நடுவே அந்தப் பெயரைத் தாளம் கெடாமல் சேர்த்துச் சொல்வது ஒரு திறன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கூட்டத்தில் அமர்ந்து கேட்டிருந்தால், அடுத்த கொடைக்கான அச்சாரம் அந்த இரவிலேயே முடிவாகிவிடலாம். விளம்பரம் என்று தனியாக எதுவும் இல்லாத தொழிலில் நேரடி அவையே விளம்பரம்.

பெண்களுக்கு இந்த அவை தந்தது இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் புகழ்பெற்ற வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி சிறுமியாக இருந்தபோது பெண்கள் வில்லடித்துப் பாடுவதைக் கண்டு தானும் பாட விரும்பினார். பத்து வயதளவில் பாடத்தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். 2018 நவம்பரில் மறைந்தார். ஊர்க்கூட்டத்தில் பெண் வாய்திறந்து பேச இடமில்லாத காலத்தில், அதே ஊரின் ஆண்களும் பெரியவர்களும் இரவு முழுவதும் அமர்ந்து ஒரு பெண் சொல்வதைக் கேட்டனர். விடிந்ததும் அந்த மரியாதை எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு விஷயம். கொடை இல்லாத மாதங்களில் வேறு வேலை தேடவேண்டிய நிலையே பெரும்பாலான கலைஞர்களுக்கு இருந்தது. முதுமையில் பாடமுடியாமல் போனவர்களின் வறுமையைப் பற்றி நாட்டாரியல் ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதியுள்ளனர்.

கூட்டம் எப்போதும் இனிமையானதும் அல்ல. குடித்துவிட்டு வந்து குறிப்பிட்ட பாட்டைக் கேட்டுத் தகராறு செய்பவர், சாதிப்பெயரால் அழைப்பவர், கதையில் தன் குலத்துக்குக் குறை வந்ததாக எழுந்து நிற்பவர் என எல்லோரும் அந்த அவையில் உண்டு. கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுபவர்கள் கேட்கவேண்டிய கேலிகள் தனி. அவையை விரும்புவதாகச் சொல்லும் கலைஞர்கள் இதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

குறைந்துவரும் கூட்டம்

ஒலிபெருக்கி வந்தபிறகு பாட்டைக் கேட்கக் கோயிலுக்கு வரவேண்டிய தேவை இல்லாமலானது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஊர் எல்லைவரை பாட்டைக் கொண்டுசெல்கிறது. வீட்டில் படுத்தபடி கேட்பவர் பலர் இருக்கலாம். புலவரின் கண்ணுக்கு அவர்கள் தெரிவதில்லை. அவர்களின் குரவையும் அழுகையும் அவருக்கு எட்டுவதில்லை. பின்னர் தொலைக்காட்சியும், கொடை மேடையிலேயே மெல்லிசைக் குழுக்களும் வந்தன. பல ஊர்களில் முன்னிரவு, அதாவது கூட்டம் மிகுந்த நேரம், மெல்லிசைக்குப் போய்விட்டது. வில்லுப்பாட்டு மாலை நேரத்துக்கும் பூசைக்குத் தேவையான நேரத்துக்கும் சுருங்கியது. சடங்குக்கு வில் வேண்டும் என்பதால் ஊர் அதை முற்றாக நீக்கவில்லை. தோல்பாவைக் கூத்துக்கு இந்தச் சடங்குப் பாதுகாப்பும் இல்லை. பள்ளிகளிலும் அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளிலும் அரைமணி நேரக் காட்சிகளாக அது எஞ்சியிருக்கிறது.

2020 மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஊரடங்கு சரியாகக் கொடைக்காலத்தின் தொடக்கத்தில் வந்தது. அந்த ஆண்டின் பங்குனி, சித்திரைக் கொடைகள் நின்றன. 2021 மே மாதத்தில் இரண்டாவது ஊரடங்கும் இதே மாதங்களைப் பாதித்தது. கலைஞர்களின் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த மாதங்களிலிருந்தே வருவது. சில குழுக்கள் கைபேசியின் முன் அமர்ந்து பாடிப் பதிவிட்டன. பாவைக்கூத்துக் கலைஞர்கள் சிலர் நோய்த்தடுப்பு பற்றிய சிறு காட்சிகளைப் பதிவுசெய்தனர். அந்தக் கலைகளின் பதிவுகள் இணையத்தில் கூடுதலாகக் கிடைக்கத் தொடங்கியது அதன் ஒரு பயன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்று தங்கள் கோயில் கொடையை நேரலையில் பார்க்கிறார்கள்.

கைபேசிப் பதிவில் குழு, வில், குடம், கதை எல்லாம் இருந்தன. கேமரா ‘ஆமா’ சொல்வதில்லை என்பதால் அந்த வேலை முழுவதும் இடத்தே இருப்பவரிடம் வந்து சேர்ந்தது. அருள் வரும் கட்டத்தில் யாரைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவது என்று புலவருக்குத் தெரியவில்லை. கொடைகள் மீண்டும் தொடங்கியபோது பல ஊர்களில் விழாக்குழுவினர் நேரத்தை மேலும் குறைத்தனர், வேறு சில ஊர்களில் இரண்டு ஆண்டு நிலுவைக்கும் சேர்த்துப் பெரிய கொடையாக எடுத்தனர். அத்தகைய கொடைகளில் மூன்று இரவுகளும் வில் வைக்கப்பட்டது.